பெ. கேட்டது, சி. கேக்கல

புத்தகத்தில் பென்சிலால் கிறுக்குகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. இப்போது கொஞ்சம் தேவலை. எண்பதுகளின் பின்பாதியில், தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது எனக்கு ஒரு வியாதி மாதிரியே இருந்தது. அடிக்கோடு போட்ட பக்கத்தைப் பார்த்தால், போட்டவன் காதைப் பிடித்துத் திருகக் கை பரபரக்கும்.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் நூலகம் இருந்தது. சின்ன அறக்கட்டளை ஒன்று நடத்தியது. பழைய அச்சுப் புத்தகங்கள், ஓலைச்சுவடிகள் என்று யார் வீட்டில் எது வீணாகிறது என்று கேள்விப்பட்டாலும் போய் வாங்கி வருவோம். நாங்கள் என்றால் நூலகர் சாரும் நானும்தான். சுவடிகளுக்கு எண்ணெய் தடவுவதும் கட்டுவதும் சாரின் வேலை. அச்சுப் புத்தகங்கள் என் பொறுப்பு. தூசி தட்டவேண்டும், பூச்சி பார்க்கவேண்டும், கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டவேண்டும், பதிவேட்டில் எண் போடவேண்டும். பிறகு உள்ளங்கை அளவு அட்டையில் நூல் பெயரும் ஆசிரியர் பெயரும் எழுதி, மர இழுப்பறையில் அகர வரிசைப்படி செருகவேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு வேலை உண்டு. ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் ரப்பரால் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். சார் சொல்லித்தான் செய்தேன் என்று பழியை அவர் மேல் போடலாம். ஆனால் அந்த ஒரு வேலையை நான் ஆசை ஆசையாகச் செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அடையாறு பொங்கி, அனகாபுத்தூர் சந்துகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு ஒரு வீட்டிலிருந்து தகவல் வந்தது. கூரை ஒழுகி, பரண்மேல் இருந்த பெட்டி நனைந்துவிட்டது, உள்ளே பழைய புத்தகங்கள் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம். சாரும் நானும் போனோம். வீட்டுக்கார அம்மா துடைப்பத்தால் சேற்றை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே பெட்டியைக் காட்டினார். கணவர் லாரி ஓட்டுகிறவராம், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் இன்னும் திரும்பவில்லையாம்.

பெட்டியில் தேறியது ஒன்றே ஒன்று. வைத்தியப் பாட்டுகளும் உரையும் அச்சிட்ட புத்தகம். முன்பக்கங்கள் இல்லாததால் என்ன நூல், யார் எழுதியது என்று தெரியவில்லை. கடைசி இரண்டு தாள்கள், எந்தக் காலத்து ஈரமோ, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. பஸ்ஸில் மடிமேல் வைத்துப் புரட்டிய சார், நூறு வருஷமாவது இருக்கும், இப்படி ஒரு பதிப்பை நான் பார்த்ததே இல்லை என்றார். தாம்பரம் வரும்வரை ஜன்னல் பக்கம் சாரல் படாமல் கையால் மறைத்துக்கொண்டே வந்தார்.

நிழலில் காயவைத்து, ஒரு வாரம் கழித்து மேஜையில் விரித்தேன். ஓரமெல்லாம் பென்சில். பாட்டுக்குப் பாட்டு, தடித்த, கோணல்மாணலான எழுத்தில் ‘பெ. கேட்டது’, ‘சி. கேக்கல’, ‘சி. கேட்டது’ என்று இருந்தது. எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, புரிந்துவிட்டது. நாங்களும் படித்தவர்கள்தானே. முந்தைய பரீட்சைகளில் வந்த கேள்விக்குப் பக்கத்தில் ‘கேட்டது’ என்று குறித்துவைப்போம். பெ என்றால் பெருவினா, சி என்றால் சிறுவினா. வைத்தியம் படிக்கிற எவனோ ஒருவன் நூறு வருஷத்துப் புத்தகத்தை நோட்ஸ் ஆக்கியிருக்கிறான் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அழித்தேன். இரண்டு மத்தியானம் பிடித்தது. ஒட்டியிருந்த கடைசித் தாள்களை மட்டும் சார் பிரித்துத் தருவதாகச் சொல்லி எடுத்து வைத்திருந்தார். பக்கங்கள் எவ்வளவு சுத்தமாகிவிட்டன என்று அவரிடம் காட்டி, பாராட்டும் வாங்கினேன்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, காக்கிச் சட்டையும் கையில் துண்டுமாக ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். நாற்பது வயது இருக்கும். செருப்பை வெளியே விடவேண்டுமா என்று கேட்டார். பிறகு, “அனகாபுத்தூர்லேர்ந்து வர்றேன் மேடம். எங்க வூட்டு வைத்திய புக்கு ஒண்ணு இங்க கீதாமே” என்றார்.

லாரிக்காரர்தான். புத்தகத்தைத் திருப்பிக் கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மனைவி கொடுத்தது கொடுத்ததுதான். அவருக்கு வேண்டியது ஒரு பார்வை. அவருடைய அம்மா அவருக்கு மூன்று வயதாகும்போது இறந்துபோனார். முகம் நினைவில்லை. போட்டோ என்று ஒன்று எடுக்கவே இல்லை. வளர்த்தது அண்ணன். பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்தால் அம்மா இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மருந்து அரைப்பாராம், கொடுத்துப் பார்த்துப் பக்கத்திலேயே எழுதிவைப்பாராம். பெரியவனுக்குக் கொடுத்தது என்றால் பெ. சின்னவனுக்கு என்றால் சி. மருந்து கேட்டது, கேட்கவில்லை என்று நாம் எல்லாரும் தினம் சொல்கிறோமே, அதேதான். அந்த அண்ணனும் போன வருஷம் போய்விட்டார்.

“அம்மா கைய்யெழுத்து அது ஒண்ணுதான் மேடம். பாத்துட்டு போய்டறேன்.”

பெருவினாவாம், சிறுவினாவாம். என் மேதாவித்தனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஏழெட்டுப் பக்கம் போன பிறகு நிமிர்ந்து, மழையில் எழுத்தெல்லாம் போய்விட்டதா என்று கேட்டார்.

நான் சொல்லவேண்டிய பொய்யை அவரே என் கையில் கொடுத்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவர் மழையைத் திட்டிக்கொண்டு போயிருப்பார். நான் இந்த வயதில் இதை எழுதிக்கொண்டும் இருக்கமாட்டேன்.

“இல்லண்ணா. நான்தான் அழிச்சேன். யாரோ கிறுக்கியிருக்காங்கன்னு நெனச்சிட்டேன்.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ அந்த வெற்று ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த சார் எழுந்து வந்து நின்றார். மின்சார ரயில் ஒன்று போனது. தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

“இங்க குயி குயியா கீது மேடம்.”

ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குத் தெரிந்தது, என் கண்ணுக்குத் தெரியவில்லை. புத்தகத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தேன். அந்த அம்மா அழுத்தி எழுதுகிறவர். கரியைத்தான் என்னால் துடைக்க முடிந்திருக்கிறது, பள்ளத்தைத் துடைக்க முடியவில்லை. ‘சி. கேட்டது’ என்று நிழலாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் பரவாயில்லை மேடம், பரவாயில்லை என்று சமாதானம் சொன்னார்.

அதன்பின் லோடு இல்லாத சனிக்கிழமைகளில் அவர் வருவார். நான் சாய்த்துப் பிடித்துப் படிப்பேன், அது என்ன நோய்க்கான பாட்டு என்றும் சொல்வேன், ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன். சளி, கடுப்பு, காதுவலி, சிரங்கு. பெரியவனுக்கு அதிகம் ஒன்றுமில்லை. எல்லாம் சின்னவன்தான். நீங்கள் நோஞ்சான்தான் போலிருக்கிறது என்று கேலி செய்தால் வெட்கத்தோடு சிரிப்பார். ஒரு பக்கத்தில், காய்ச்சலுக்கான பாட்டுகளில், வரிசையாக மூன்று இடத்தில் ‘சி. கேக்கல’ என்று இருந்தது. நாலாவதில் ‘சி. கேட்டது’. அந்த இடத்தில் பென்சில் முனை தாளையே கிழித்திருந்தது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அதற்குமேல் படிக்கவும் விடவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

சார் ஒருநாள் பதிவேட்டைத் திறந்து, எண்ணை அடித்துவிடுகிறேன், புத்தகத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அறக்கட்டளைக்காரர்களிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொன்னார். லாரிக்காரர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். வீட்டில் வருஷா வருஷம் தண்ணீர் வருகிறது, இங்கேயே இருந்தால் அம்மா நனையாமல் இருப்பாள் என்றார்.

கடைசித் தாள்களைச் சார் ஈரத் துணியும் மூங்கில் சீவலுமாக வைத்து, பொறுமையாகப் பிரித்து முடிக்கப் பங்குனி ஆகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று உள்ளே போய்விட்டார். என் ரப்பர் தொடாத ஒரே இடம். சாய்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கரிய பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. பெண்களுக்கு வரும் உட்காய்ச்சலுக்கான பாட்டு. பக்கத்தில் பெ இல்லை, சி இல்லை. ‘எ. கேக்கல’ என்று இருந்தது. அதற்கப்புறம் எங்கும் எழுத்து இல்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் எப்போதும் நான் படிக்கவேண்டும் என்று காத்திருப்பார். அன்றைக்கும் காத்திருந்தார். மறைக்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. சத்தமாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பீச் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மெதுவாகப் படித்தேன். “எனக்கு. கேக்கல.”

வண்டி கடந்து போனது.

“கேட்டுச்சா அண்ணா?”

“கேட்டுச்சி மேடம்.”

கரி ஒட்டிக்கொள்ளாதபடி, எழுத்தைத் தொடாமல், அதன் கீழே விரலை வைத்தார். அழுதார். நான் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து அந்தப் புத்தகத்தின் அட்டையை எடுத்து வந்தேன். ஆசிரியர் என்ற இடம் காலியாகவே இருந்த அட்டை. ஓரக் குறிப்பு எழுதியவர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். எழுதியதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், இதை யாரும் அழித்துவிட மாட்டார்களே என்று கேட்டார்.

“மாட்டாங்கண்ணா. பேனாவுல எழுதியிருக்கேன்.”