அண்ணி கேட்ட அர்த்தங்கள்

அண்ணி என்னிடம் முதலில் அர்த்தம் கேட்ட ஆங்கிலச் சொல் 'ட்ரை'. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கியிருந்தார். கறை ஏறிய விரல்களால் போனைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் இந்த வருஷம் லீவுக்கு வர ட்ரை பண்றேன்னு அனுப்பியிருக்காரு. ட்ரைன்னா வருவாருன்னுதானே?"

"முயற்சி பண்றேன்னு அர்த்தம், அண்ணி."

"முயற்சி பண்றாரா? அப்ப சரி."

போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார்.

எங்கள் தோட்டம் ராகலையிலிருந்து இன்னும் மேலே. அப்பா காலமான பிறகு அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மேசைக்குச் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருந்தான். என்னைவிட வேகமாக இங்கிலிஷ் பேசுவான். அங்கே சேர்ந்த புதிதில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கெஸ்ட்டுகிட்ட நோன்னு மட்டும் சொல்லக்கூடாதாம். இல்லாத சாமானக் கேட்டாலும் ஐ வில் செக் சேர்னு சொல்லிட்டு உள்ள போயிறணும். கொஞ்ச நேரத்துல அவங்களே மறந்துருவாங்க." அவன் நடித்துக் காட்டியதைப் பார்த்து அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவர் என்னைவிட வயதில் சின்னவர், ஆறாம் வகுப்போடு நின்றவர். வந்த இரண்டாம் மாதமே எங்கள் தோட்டத்தில் பேர் பதிந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கத் தொடங்கிவிட்டார். நாடு முழுக்கக் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஹோட்டலில் ஆள் குறைத்தார்கள். அண்ணன் கட்டாருக்குக் கிளம்பினான். போகிற அன்று, படுக்க ஒரு காம்பராவும் சமைக்க ஒரு குசினியும் மட்டுமே இருந்த எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னான்: "இந்தக் காம்பராவுக்குள்ள எத்தன பேரு படுக்கறது? அங்க போயி ஒரு வழி பண்ணிட்டு ஒன்னயும் கூட்டிக்கிறேன்." அது தமிழில் சொன்ன வாக்கு. அண்ணிக்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் வருஷம் தினமும் பேசினான். பிறகு 'பிஸி' வந்தது. அது அண்ணிக்கே தெரிந்திருந்தது. அதன் பின்னால் 'ப்ராசஸ்' வந்தது. அண்ணியின் வீசா ப்ராசஸில் இருக்கிறது என்றான். நான் விளக்கியதும், "அப்ப நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டார். கொழும்புக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்து வந்தார். பிறகு ஒரு நாள், 'நெக்ஸ்ட் இயர் டெஃபனிட்டா' என்றான். எல்லாச் சொற்களிலும் அண்ணிக்கு மிகவும் பிடித்தது அந்த டெஃபனிட்தான். கட்டாயம், நிச்சயம் என்று நான் அர்த்தம் சொன்னேன். கொழுந்து மலையில் யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரரு டெஃபனிட்டுன்னு சொல்லிட்டாரு" என்பாராம். மற்றப் பெண்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாமல் சிரிப்பார்.

அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. மழை பெய்கிறதா என்று அண்ணன் தமிழில் கேட்டான். நாய் குட்டி போட்டதா என்று தமிழில் கேட்டான். அண்ணி வைக்கும் சம்பலை நினைத்தால் நாக்கு ஊறுகிறது என்பதையும் தமிழில்தான் சொன்னான். எப்போது வருவாய், எப்போது கூட்டிப்போவாய் என்று அண்ணி கேட்கும் இடத்தில் மட்டும் இங்கிலிஷுக்கு மாறினான். பிள்ளைகளின் கொப்பியில் பிழை கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவள் நான். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

ஒரு காலையில் அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அண்ணி வேலைக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும், வெந்நீரில் உடம்பு துடைப்பதும், கஞ்சி ஊட்டுவதும் அவர்தான். அண்ணனுக்குச் சொன்னோம். லீவுக்கு அப்ளை பண்ணியிருக்கிறேன் என்றான். பிறகு அப்ரூவ் ஆகவில்லை என்றான். அம்மா குழறிய வாயால் என்னிடம் சொன்னார்:

"ஒங்கப்பாவும் பெரட்டுக்குப் போகாம இருக்க ஆயிரம் பொய் சொல்லுவாரு. ஆனா தமிழ்ல சொல்லுவாரு. எனக்கு வெளங்கும், நானும் நாலு வார்த்த ஏசிருவேன். இவன எப்பிடி ஏசறதுன்னே தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு அர்த்தம் சொல்றப்ப கொஞ்சம் பாத்துச் சொல்லுடி" என்றார். அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தக் குரல் பதிவு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார்.

"இதுல நெறைய இங்கிலிஷு. ரெண்டு தரம் கேட்டேன், வெளங்கல" என்று போனை என்னிடம் நீட்டினார்.

அண்ணனின் குரல் மெதுவாக, ஹோட்டலில் பேசுவது போலவே பணிவாக இருந்தது. இந்தக் கொமிட்மென்ட்டைக் கன்டினியூ பண்ண முடியவில்லை. இது உன் ஃபோல்ட் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும். நீயும் மூவ் ஒன் பண்ணிக்கோ.

நான் பதிவை நிறுத்தினேன்.

"ஸ்பேஸுன்னா என்னா?"

"இடம்."

"இடமா?" அண்ணிக்குப் புரியவில்லை. "இங்க இடம் பத்தாதுன்னுதானே போனாரு? அங்கயும் இடம் இல்லையாமா?"

பார்த்துச் சொல் என்று அம்மா கேட்டது ஞாபகம் இருந்தது. ஆனால் இதற்குமேல் எதைப் பார்த்துச் சொல்வது?

"அண்ணி, அண்ணன் திரும்பி வர மாட்டாரு. ஒங்களக் கூட்டிக்கிட்டும் போக மாட்டாரு. ஒங்களோட வாழ முடியாதுன்னு சொல்றாரு. நீங்க ஒங்க வழியப் பாத்துக்கங்கன்னு சொல்றாரு."

அவர் அழவில்லை. அடுப்பை அணைத்தார். கொதித்த தண்ணீரில் தேயிலை போட மறந்துவிட்டார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார். "இத அவரே இப்பிடிச் சொல்லியிருக்கலாமே. நீ ஏன் சொல்லணும்?"

உடனே அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். சத்தம் வெளியே கேட்கும்படி போட்டேன். உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

"நான் டூட்டில இருக்கேன்" என்றான் அண்ணன்.

"ஒரு நிமிசந்தாங்க. நீங்க அனுப்புனத தங்கச்சிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அத நீங்க ஒரு தடவ தமிழ்ல சொல்லிருங்க. நான் சண்ட போட மாட்டேன். அழவும் மாட்டேன். ஒங்க வாயால கேட்டாப் போதும்."

அவன் பக்கத்தில் பீங்கான் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

"இல்ல... இங்க சிச்சுவேஷன் வந்து..."

"தமிழ்ல சொல்லுங்க."

"சிக்னல் சரியில்ல. வொய்ஸ் கட்டாகுது. நான் அப்புறம் எடுக்கறேன்."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூட எங்களுக்குக் கேட்டது. அவனாகத்தான் வைத்தான். அண்ணி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவன் அவருக்கு எடுக்கவே இல்லை. நான் எடுத்துக் கத்தினேன். "நீ இதுல இன்வோல்வ் ஆகாத" என்றான். அங்கே அவன் வேறொருத்தியோடு இருப்பதை, கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒருவர் சில மாதம் கழித்துச் சொன்னார்.

அண்ணி உடனே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கும்வரை இருந்தார். எதற்காக இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. கொத்மலையிலிருந்து அவருடைய அப்பா கூட்டிப்போக வந்த அன்று, அம்மாவின் தலையை அலசி, எண்ணெய் வைத்து வாரிவிட்டார். அம்மா தன் நல்ல கையால் அவர் கன்னத்தைத் தடவி, "ஒன்ன இருன்னு சொல்ல எனக்கு வாயில்ல தாயி. போ" என்றார். அப்போதுதான் அண்ணி அழுதார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய அப்பா வெளியில் காத்திருக்க, வெகுநேரம் அழுதார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தரம்தான் அவரைப் பார்த்தேன். போன மாசி மாதம், நுவரெலியா பஸ் ஸ்டாண்டில். அவர்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்திருக்கிறதாம். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். தலைமுடியை ஒட்ட வாரிக் கட்டியிருந்தார். அம்மாவின் காலைப் பற்றிக் கேட்டார், மருந்தை நேரத்துக்குக் குடிக்கிறாரா என்று கேட்டார். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய பஸ் வந்ததும் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மெலிஞ்சிட்டாளா?"

"இல்லம்மா. அப்பிடியேதான் இருக்காங்க."

"என்னயக் கேட்டாளா?"

"ஒங்களப் பத்தி மட்டுந்தாம்மா கேட்டாங்க."

அம்மா கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் விளக்குப் போடாமல் அவர் காலருகில் உட்கார்ந்திருந்தேன்.