ஒரு கால்பந்து விளையாட்டும் என் பட்டாளத்து எண்ணும்

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது. விடியலிலிருந்து தூறல். லாஸ்பேட்டை வீட்டில் என் கம்ப்யூட்டர் முன்னால் என் மகன் உட்கார்ந்திருந்தான். வயது நாற்பத்தொன்று. கம்பெனியில் அன்று அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய கால்பந்து விளையாட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. வைரஸ் தடுப்பை அணைத்தான்.

“அத ஏன்டா அணைக்கிற?”

“கிராக் பண்ண கேமுப்பா, இப்படித்தான் கத்தும். பட்டாளத்துல இருந்துட்டு செவப்பு எழுத்தப் பாத்து பயப்புடுறியே!”

“காசு குடுத்துதான் வாங்கேன்.”

“நாலாயிரம்ப்பா. உனக்கு யூரோல வருது, எனக்கு ரூபாயிலதான் வருது.”

நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து ஆண்டு இருந்தவன். எங்களை ஊரில் சொல்தா என்பார்கள். அந்தப் பென்ஷனில்தான் இந்த வீட்டின் அரிசியும் கரண்ட் பில்லும் என் மாத்திரையும். என் பேச்சு இங்கே எடுபடுவதும் அதனால்தான்.

டிசம்பரில் பணம் வரவில்லை. இமெயிலும் திறக்கவில்லை. பிரான்சில் உள்ள பென்ஷன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பென்ஷனை வேறு வங்கிக்கு மாற்றச் சொல்லி நானே கேட்டிருக்கிறேனாம். சந்தேகம் வந்து நிறுத்தி வைத்து, என்னை விசாரித்து எழுதினார்களாம். எழுதியது என் இமெயிலுக்கு. அது திருடன் கையில் இருந்தது.

விளையாட்டோடு வந்த ஏதோ ஒன்று, கம்ப்யூட்டரில் சேமித்திருந்த என் பாஸ்வேர்டை எடுத்துப் போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, என் பட்டாளத்து எண். எனக்குத் தெரிந்த சொல்தாக்கள் எல்லோரும் அவரவர் எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் மறந்தாலும் அந்த எண் எங்களுக்கு மறக்காது.

மகனிடம் சொன்னேன்.

“ஊரே கிராக் கேம்தான் ஆடுது. நீ எல்லாத்துக்கும் ஒரே நம்பர வெச்சிட்டு என்னக் கேட்டா? பென்ஷன் ஆபீஸ்ல சொல்லேன், நிஜ ஆளு நான்தான்னு.”

அதைச் சொல்லத்தான் மூன்று மாதம் ஆனது. உயிரோடிருப்பதற்கான சான்றில் மறுபடி கையெழுத்து வாங்கினேன். கடவுச்சீட்டு நகலை நோட்டரியிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன், இரண்டு தடவை. அதற்குள் மாத்திரை தீர்ந்தது. மகனிடம் கேட்டேன். மாதம் நாலாயிரம் கொடுத்தான், ஒவ்வொரு தடவையும் மருமகள் எதிரில்.

“பாத்து செலவு பண்ணுப்பா,” என்றான். அவன் பிறந்ததிலிருந்து நான் அவனிடம் சொல்லி வந்தது அது.

மார்ச்சில் நிலுவை முழுதும் வந்தது. பன்னிரண்டாயிரத்தை அவனிடம் நீட்டினேன். “எதுக்குப்பா?” என்பான் என்று நினைத்தேன். எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தபால், நோட்டரி, போன், கம்ப்யூட்டரில் வைரஸை நீக்கிக் கொடுத்தவன் கூலி, எல்லாம் ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது. திருப்பிக் கொடுத்த கடனைச் செலவில் எழுதக் கூடாதுதான். நான் எழுதினேன். ஆக, அந்த விளையாட்டின் விலை பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.