பொட்ஸ்வானா மிஸ்ஸின்ர வெறுங்கொப்பி

வல்லாஹி, இதில ஒரு சொல்லும் பொய்யில்லை. குருவி காட்டுற ஓட்டோக்காரன் குருவி வராட்டி மட்டும்தான் பொய் சொல்லுவான். வாடகைக்கு ஹயர் ஓடுற சகோதரமாரே, உங்களுக்கு விளங்கும். சீமெந்து ஏத்தினால் இறக்கிறதோட வேலை முடிஞ்சுது. குருவி பாக்கிற ஆளை ஏத்தினால் குருவியும் ஒத்துழைக்கோணும்.

போன மாசியில உப்புக்குளத்து லொட்ஜ் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "லெசெடி மிஸ் எண்டு ஒரு டீச்சர், ஆபிரிக்காவின்ர தெற்கால பொட்ஸ்வானாவாம். தன்ர நாட்டில இல்லாத குருவியை மட்டும் கொப்பியில எழுதுறா. கண்டி, நுவரெலியா எல்லாம் எழுதி முடிச்சிட்டா, மன்னார்ப் பக்கம் வெறுமை. இண்டைக்குப் பொழுது படமுதல் ஒண்டாவது ஏறோணும். இல்லாட்டி இனி லொட்ஜ் ஹயர் முழுக்க உன்ர மச்சானுக்கு."

மச்சானுக்கோ! அவன் கோழியைக் காட்டிக் கொக்கு எண்டுவான்.

லீவில வந்த ஆக்கள்

மிஸ் கதைச்சது இங்கிலீஷ், தமிழாக்கினது நான். பிழையெண்டால் என்ர பள்ளிக்கூடத்தைக் கேளுங்கோ, அது அஞ்சாம் வகுப்போட என்னைக் கைவிட்டிட்டுது. பாலத்தில போகேக்க மிஸ் வெளியால கை காட்டி, "அங்க என்ன?" எண்டா. "அது வெறும் கடல் மிஸ், அதில என்ன கிடக்கு" எண்டு ஓட்டோவை முறுக்கினன்.

வங்காலையில உப்புத் தண்ணிக்குள்ள பூநாரைக் கூட்டம். கல்யாணத் தரகன் மாதிரி நெஞ்சை நிமித்தி, "உலகத்திலயே இங்க மட்டும்தான் மிஸ்!" எண்டன். மிஸ் பைனாகுலரையே தூக்கேல்லை. தங்கட நாட்டிலயும் பெரிய உப்பு வெளி இருக்காம், மழை பெஞ்சால் இதே பூநாரை வந்து குஞ்சு பொரிக்குமாம். "இங்க பொரிக்குமா?" எண்டு கேட்டா. நான் ஹோர்ணைத் துடைச்சன்.

"அப்ப இதுகள் எங்கட ஆக்கள், டிரைவர். லீவில வந்து நிக்குதுகள்."

ஒரு இடமும் போகாத ஆறு

உயிலங்குளத்துக் குளக்கட்டில ஓட்டோ ரெண்டு தரம் நிண்டு போச்சு. இருந்தாலும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்டு தண்ணிக்கு மேல அந்தரத்தில நிண்டு தொபுக்கெண்டு விழுந்துது. நான் கை தட்டினன். மிஸ் கொட்டாவி விட்டா. அவவின்ர வீட்டுக்குப் பின்னால ஆத்தில, கோரைப் புல்லுக்குள்ள இதே மீன்கொத்திதானாம். அந்த ஆறு எங்கயும் போய்ச் சேராமல் மணலுக்குள்ளயே முடியுமாம். நான் சிரிச்சிட்டன். "அதெப்படி மிஸ், ஆறு நடுவழியில நிக்கும்?"

"உன்ர ஓட்டோ மாதிரித்தான்."

வாடகைக்கு ஆளில்லை

குருவிக்குக் கடைசி நம்பிக்கை பள்ளிமுனைப் பெருக்கமரம். பத்துப் பேர் கை கோத்தாலும் பிடிக்கேலாத அடி. மிஸ் குதிச்சு இறங்கி மரத்தைக் கட்டிப் பிடிச்சா. எனக்கு உசிர் வந்துது. பாத்தால், அது அவவின்ர ஊர் மரமாம்! அங்க எருமைகளோட திரியிற ஒரு கறுத்தக் குருவி, முள்ளுக்குச்சியால இந்த மரத்தின்ர மேக்குப் பக்கத்தில மூட்டை மூட்டையாக் கூடு கட்டுமாம். மேக்குப் பக்கமாப் போய் அண்ணாந்து பாத்தா.

"இவ்வளவு பெரிய வீடு, ஒரு குடித்தனமும் இல்லையா?"

அந்த நேரம் பாத்து ஹாஜியாரின்ர போன். "எத்தினை ஏறினது?" நான் சிக்னல் இல்லாத ஆள் மாதிரி, "ஹலோ? ஹலோ?" எண்டு வைச்சிட்டன்.

மதலேனக்காவின்ர விசாரணை

வெயில் சாயுது. கரையில வலையில மீன் கழட்டிக்கொண்டிருந்த மதலேனக்கா என்ர மூஞ்சையைப் பாத்து, "ஆரடா செத்தது?" எண்டா. எல்லாத்தையும் சொன்னன்.

"கடலைக் காட்டினியோ?"

"கடலை ஆரக்கா காட்டுறது? எல்லா நாட்டிலயும் கிடக்குத்தானே."

"உங்கட நாட்டிலயும் கடல் கிடக்குத்தானே?" எண்டு இங்கிலீஷில மிஸ்ஸிட்டையும் கேட்டு வைச்சன். மிஸ் என்னை மேலயும் கீழயும் பாத்தா. "எங்கட நாட்டில கடல் இல்லை. காலமை பாலத்தில நான் கை காட்டினது எதுக்கெண்டு நினைச்சாய்?"

அதோட ஆலா எண்ட கடற்குருவிக் கூட்டம் வந்து வள்ளங்களுக்கு மேல சுத்திச்சுது. மஞ்சள் சொண்டு, நித்திரையால எழும்பித் தலை இழுக்காதவன் மாதிரிப் பின்னால மயிர் நட்டுக்கொண்டு. ஒண்டு மடாரெண்டு கடலுக்குள்ள விழுந்து மீனோட எழும்பினதுதான், மிஸ் சப்பாத்தோட முழங்கால் தண்ணிக்குள்ள. அதுக்குள்ள நிண்டபடியே கொப்பியைத் திறந்து எழுதினா. எழுத எழுத மூக்கை உறிஞ்சினா; உப்புக் காத்தாக்கும் எண்டு நான் அங்கால திரும்பிட்டன்.

மிஸ்ஸின்ர நாட்டில கடலில்லாத கதையைத் தமிழில சொன்னதில இருந்து மதலேனக்காவுக்கு மட்டும் மனம் ஆறேல்லை. மிஸ்ஸை இரக்கமாப் பாத்துக் கேட்டா:

"கடலே இல்லையெண்டால், பிள்ளை, மாப்பிள்ளைமார் அங்க என்ன தொழிலடி செய்யிறது?"

ஹயர் எனக்குத்தான் நிண்டுது: பெற்றோல் எரிச்சது நான், குருவி காட்டினது மதலேனக்கா, பேரெடுத்தது ஹாஜியார், ஓசியில கேட்டது நீங்கள், அதால எழும்பி ஓடாமல் ஒரு பிளேன்டியும் ரெண்டு வாய்ப்பனும் எனக்குச் சொல்லுங்கோ.