லீவர் துப்பாக்கி வைத்திருந்த பெரியப்பா

காலைப் பிரார்த்தனை முடிந்து வரிசை கலைவதற்குள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. "பெரியப்பா போயிட்டாரு தாயி. கெளம்பு" என்றார். எப்படி என்று கேட்டேன். "துப்பாக்கி" என்று மட்டும் சொன்னார். பாபநாசம் சாலையில் பேருந்தில் வரும்போது பெரியப்பாவின் முகம் எனக்கு நினைவில் வரவில்லை. அவருடைய துப்பாக்கிக்குள் கிடக்கும் என் பேனா ஸ்பிரிங்தான் வந்தது.

நீங்கள் எல்லோரும் அவரைத் துப்பாக்கி அண்ணாச்சி என்று அறிவீர்கள். அவருடைய பதினாறாம் நாள் மலருக்கு முதல் பக்கம் நான் எழுத வேண்டும் என்று அவர் மகன் முருகேசண்ணன் சொன்னான். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் என்னிடம் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, இசக்கி என்னும் நன்றி கெட்டவன் சுட்டதால் உயிர் நீத்தார் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். அதையும் சேர்த்தேன். பள்ளிக்குப் போகும் வழியில் அதை நானே அச்சகத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கப்போவது அதையல்ல, இதை. எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் இது பாதியில் நின்றுவிடும்.

அவரைப் பற்றி நல்லதும் உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தபோது கீழத்தெருப் பிள்ளைகளை டிராக்டரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். தண்ணீர் வடிந்ததும் அந்தத் தெரு ஆண்களைக் கூலியில்லாமல் தன் வாழைத்தோட்டத்தில் சேறு அள்ள வைத்தவரும் அவர்தான். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, "ஒம் பிள்ள உசுரோட இருக்காம்லா? அள்ளுலே" என்றார். உங்களில் சிலர் அன்று அங்கே அள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தத் துப்பாக்கி அவருடைய அப்பா மலை எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு துரையிடம் வாங்கியது. கைப்பிடிக்கு அடியில் வளையம்போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே மூடினால் தோட்டா ஏறும், விசையும் இழுக்கத் தயாராகும். வாழையைக் கிளறும் காட்டுப்பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வைத்திருந்தார். விசை கனமாக இருக்கிறது, இழுத்து முடிப்பதற்குள் பன்றி ஓடிவிடுகிறது என்பது அவர் குறை. திருநெல்வேலியில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாமே என்று அப்பா சொன்னார். "ஒனக்கு ஒன் சைக்கிள் செயினே மாட்டத் தெரியாது. நீ எனக்குச் சொல்லுதியாக்கும்?" என்று கேட்டார் பெரியப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைபேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் செய்துகாட்டுவதைப் பார்த்துக்கொண்டே, பெரியம்மாவின் தையல் மிஷின் பலகையில் வைத்துத் துப்பாக்கியைக் கழற்றினார். உள்ளே ஒரு கொக்கியை உப்புத்தாளால் உரசினார். பிறகு, "ஏட்டி, ஒம் பேனாவக் கொண்டா" என்றார். பரீட்சைக்கென்று வைத்திருந்த பேனா அது. அதைத் திருகி ஸ்பிரிங்கை உருவி, விசைக்குள் இருந்த தடித்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக வைத்தார். பழையதை என் மடியில் எறிந்தார். "இத நீ பேனாவுல போட்டுக்க. எழுத்து பலமா வரும்." வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விசை போதுமான அளவு லேசாகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. என் சுண்டுவிரல்தான் கருவி. "இழு" என்பார். இழுக்க முடியாவிட்டால் மறுபடியும் உரசுவார். விரல் சிவந்துவிட்டது. கடைசியில், விரலை வைத்ததுமே 'டக்' என்றது. அப்போது தோட்டக் காவல்காரர் இசக்கி வாழைத்தாருடன் உள்ளே வந்தார். "அங்கனயே நில்லுலே" என்றார் பெரியப்பா. தோட்டா இல்லாத துப்பாக்கியின் லீவரைத் தள்ளி மூடி, இசக்கியின் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, என்னை இழுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் கையைப் பிடித்து விரலை அவரே வைத்தார். டக். இசக்கி தாரைக் கீழே போட்டுவிட்டார். "பாத்தியா, இழுக்கதுக்கு முன்னாலயே வெடிக்கணும். அதுதாம்லே துப்பாக்கி" என்று சொல்லிச் சிரித்தார் பெரியப்பா. நசுங்கிய காய்களைப் பொறுக்கிக்கொண்டே இசக்கியும் சிரித்தார்.

பிறகு லீவரை இன்னொரு முறை தள்ளி மூடிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை மூலையில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். சிமெண்டுத் தரையில் அதன் அடிக்கட்டையை ஊன்றியதும் மறுபடி டக் என்றது. என் விரல் விசையின் பக்கமே போகவில்லை. "பெரியப்பா, நான் தொடவேயில்ல. தரையில தட்டுனாலே விழுது" என்றேன். அவர் எழுந்து வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். "இப்ப சொல்லு. தொட்டியா, தொடலயா?" தொட்டேன் என்று சொல்லும் வரை விடவில்லை. விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னாள். அந்த விரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

அவர் இறந்த விதத்தை இசக்கியின் மனைவி பேச்சி எங்கள் வாசலில் நின்று சொன்னாள். விடியும் நேரத்தில் தோட்டத்தில் பன்றி இறங்கியிருக்கிறது. பெரியப்பா துப்பாக்கியோடு முன்னால் போக, இசக்கி டார்ச்சோடு பின்னால் போயிருக்கிறார். வாய்க்கால் வரப்பில் பெரியப்பாவுக்குக் கால் வழுக்கியது. துப்பாக்கிக் கட்டை மதகுக் கல்லில் மோதியது. வெடித்தது. குண்டு அவர் தாடைக்குக் கீழே பாய்ந்தது. ஓடிப்போய் ஆள் கூட்டிவந்ததும் இசக்கிதான். "எம் புருசன் வெளக்கு புடிச்சது தப்பாய்யா?" என்று பேச்சி கேட்டாள். முருகேசண்ணன் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

அவனுக்கும் உண்மை தெரியும். விசையைத் திருத்திய அன்று அவனும் சிரித்தவன்தான். "துப்பாக்கி அண்ணாச்சி தன் துப்பாக்கியிலயே செத்தாருன்னு ஊர் சிரிக்கும். கொன்னுட்டானுவன்னா மரியாத" என்று அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அப்பா தலையாட்டினார். நான் கேட்டதை அண்ணன் பார்த்துவிட்டான். என் பக்கம் வந்து, "வாயத் தொறந்தன்னா நீயும் அந்த மதகுலதான் கெடப்ப, ஏட்டி" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான். அண்ணன் கொடுத்த புகாரில் இசக்கி இப்போது பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார்.

அச்சகத்தில் இதைத் தட்டச்சு செய்யும் அக்காவுக்கு: தயவுசெய்து வீட்டுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். படத்துக்குக் கீழே இதை அப்படியே போட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் வெள்ளத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியதை எடுத்துவிடலாம்.

மற்றவர்களுக்கு: இலை போடுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த மலர் உங்கள் கையில் இருக்கும். முருகேசண்ணன் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருப்பான். நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவனைப் பார்க்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள். அந்தத் துப்பாக்கியை இதுவரை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. கழற்றச் சொல்லுங்கள். விசைக்குள் பள்ளிக்கூடப் பேனாவின் ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அது என்னுடையது.

பெரியப்பாவின் ஸ்பிரிங் என்னிடம் இருக்கிறது. அண்ணன் தையல் மிஷின் இழுப்பறையைத் தலைகீழாகக் கொட்டி அதைத்தான் தேடினான். என் ஜாமெட்ரி பாக்ஸை மட்டும் திறக்கவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அதுவும் மடங்காத இந்த விரலும்தான். இரண்டையும் பத்திரமாக வைத்திருப்பேன். கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

ஸ்பிரிங் இல்லாத அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். விட்டால் ரீஃபில் உள்ளே போய்விடுகிறது. கட்டைவிரலால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எல்லா எழுத்தும் கையில் தட்டுப்படுகிறது. நீங்கள் சொன்னதுபோல எழுத்து பலமாகத்தான் வந்திருக்கிறது, பெரியப்பா.