வெள்ளிக்கிழமை போன எண்ணெய்

மாரியப்பன் முகம் கவலையில்லாமல் இருந்து பார்த்தவர்கள் ஆட்டையாம்பட்டியில் குறைவு. தறி ஓட்டிய காலத்தில் நூல் அறுந்துவிடுமோ என்று கவலை. தறியை விட்டுக் குட்டியானை வண்டி வாங்கிய பிறகு கேன் கவிழ்ந்துவிடுமோ என்று கவலை. ஆனால் அந்த ஆடி மாதம் அவருக்கு வந்தது நிஜமான கவலை.

முறுக்கு சுடுகிற வீடுகளில் கறுத்துப்போன எண்ணெயை வாங்கிச் சேர்த்து, நாமக்கல் பக்கமுள்ள பயோடீசல் ஆலையிலிருந்து வரும் டேங்கரில் ஏற்றி அனுப்புவது அவர் தொழில். பதிவு பெற்ற சேகரிப்பாளர். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து வண்டிக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். இரண்டையும் தினமும் துடைப்பார், சான்றிதழைக் கொஞ்சம் கூடுதலாக.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட பொருள் ஏறிக்கொண்டே போகும். நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது, கழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆலைக்குச் சான்று கொடுப்பவர்கள் அதே கணக்கை மறுபக்கமிருந்து பார்ப்பார்கள். இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் அது கழிவு எண்ணெய்தானா, புதுப் பாமாயிலைக் கழிவென்று சொல்லித் தள்ளுகிறார்களா என்று கேட்பார்கள். அப்படித் தள்ளுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆலையிலிருந்து நோட்டீஸ் வந்தது. மாரியப்பன் கொடுத்த கடைசி மூன்று லோடும் பதினெட்டு, பத்தொன்பதைத் தாண்டவில்லை. புது எண்ணெய் கலந்ததாகச் சந்தேகம். பதினைந்து நாளுக்குள் விளக்கம் வேண்டும், அதுவரை சேகரிப்பு நிறுத்தம். விளக்கம் சரியில்லையென்றால் பதிவு ரத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கடிதம் போகும்.

மாரியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சொட்டுக்கூடத் தான் கலக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை எந்தக் காகிதத்தில் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. முருகனைப் பார்த்து இரண்டு நாள் கோபித்துக்கொண்டார். மூன்றாம் நாள் மனைவி செல்லியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டேங்கர் வெள்ளிக்கெழமைக்கு மாறி எத்தன லோடு ஆச்சுங்க?"

மூன்று. மாரியப்பன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு குஞ்சம்மாள் வீட்டுக்கு ஓடினார்.

குஞ்சம்மாளின் கொட்டகையில் ஒன்பது பெண்கள் கைமுறுக்குச் சுற்றுகிறார்கள். எண்ணெய் விசயத்தில் அந்தத் தெருவே அவரைப் பார்த்துத்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எண்ணெய் வெளியே போகக் கூடாது, போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். குஞ்சம்மாளிடம் அதற்கு விதிவிலக்கே கிடையாது. ஆறு வருசத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மகளுக்குக் காதுவலி என்று செல்லியம்மாள் ஒரு கரண்டி எண்ணெய் கேட்டுப் போனபோது, வாசலிலேயே இல்லை என்று சொல்லி அனுப்பியவர். செல்லியம்மாள் அன்றிலிருந்து அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை.

கேட்டதும் குஞ்சம்மாள் ஒளிக்காமல் சொன்னார். டேங்கர் வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைக்கு மாரியப்பன் வாசலில் வந்து நின்றால் கொடுக்கவும் முடியாது, வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வராது. அதனால் வியாழன் சாயங்காலமே கேனை எடுத்துப்போகச் சொல்லிவிடுகிறார்கள். அரைக் கேனாகக் கொடுப்பது மரியாதையில்லை என்று, அன்று காலையில்தான் வாணலியில் ஊற்றிய எண்ணெயையும் அதிலேயே சாய்த்து நிரப்பிவிடுகிறார்கள். தெரு முழுக்க இதே கதைதான். மாரியப்பனுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். ஆலைக்குச் சான்று கொடுக்கும் தணிக்கைக்காரப் பெண் யுவஸ்ரீ போனில் பொறுமையாகத்தான் பேசினாள். வழக்கம் தனக்கும் புரிகிறது, ஆனால் அதை ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். முன்தகவல் இல்லாமல் வருவதாகவும், ஒரு வீட்டுக் கேனிலிருந்து தானே மாதிரி எடுப்பதாகவும் சொன்னாள். அதில் தேறினால் பதிவு தப்பும்.

வந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. எண்ணெய் கொடுக்கும் வீடுகளின் பட்டியலில் அவள் விரல் வைத்தது குஞ்சம்மாள் வீடு.

சேகரிப்பு நின்றிருந்த நாட்களில் கேனில் சேர்ந்திருந்தது முழுக்கக் கறுத்த எண்ணெய்தான். அது வாசலைத் தாண்டினால் போதும். சனிக்கிழமை வரக் கூடாதா என்று மாரியப்பன் கெஞ்சிப் பார்த்தார். நாள் கொடுத்தால் அது திடீர்ச் சோதனை ஆகாது, இன்றைக்கு எண்ணெய் தரவில்லையென்றால் மாதிரி மறுக்கப்பட்டது என்றுதான் எழுத வேண்டும் என்றாள் யுவஸ்ரீ. சொல்லும்போது அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

குஞ்சம்மாள் நிலைவாசலில் நின்றார். அன்று காலை இட்ட மஞ்சளும் குங்குமமும் நிலைப்படியில் இன்னும் ஈரமாக இருந்தன. முறுக்குச் சுற்றுகிற கைகள் ஒன்பதும் நின்றுவிட்டன. மாரியப்பன் கேட்கவில்லை. தலை குனிந்து நின்றார்.

குஞ்சம்மாள் உள்ளே போனார். போனவர் வரவே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு நேரமாயிற்று. பிறகு கேனை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, நிலைப்படியைத் தாண்டி வாசலில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"எடுத்துக்கோ சாமி. அன்னைக்கு உம் பொண்டாட்டிக்கு ஒரு கரண்டி இல்லைன்னு சொன்னது இன்னமும் நெஞ்சுல கெடக்குது."

யுவஸ்ரீ மூன்று குப்பிகளில் எடுத்து அரக்கு வைத்தாள். எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. முப்பத்தொன்று. பதிவு தொடரும் என்றும், டேங்கர் இனித் திங்கட்கிழமை வரும் என்றும் ஆலையிலிருந்து கடிதம்.

மாரியப்பன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமையன்று யார் எண்ணெய் கொடுத்தது என்று செல்லியம்மாள் கேட்டாள். அதுவரை சொல்லாமல் வைத்திருந்தவர், குஞ்சம்மாள் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். செல்லியம்மாள் பாத்திரம் கழுவப் போனாள். அன்று சாயங்காலம் கடைக்குக் கிளம்பியவள், ஆறு வருசமாகச் சுற்றிப்போன வழியை விட்டுவிட்டுக் குஞ்சம்மாள் வீட்டுத் தெரு வழியாகவே போனாள். திரும்பி வர நேரமாயிற்று.