அல் ஐனில் ஒரு மெதுவான எறி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பர்துபாய் அல் குபைபா நிலையத்தில் அல் ஐன் பேருந்து ஏறினேன். கட்டணம் இருபத்தைந்து திர்ஹாம். தூரம் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் சோலைக்கும் கோட்டைக்கும் போவார்கள். நான் பாண்டி என்ற பேஸ்பால் ஆட்டக்காரனின் வலது கையைப் பார்க்கப் போனேன்.

கல்லூரியில் நான் சாஃப்ட்பால் ஆடியதை என் கணவர் தன் முதலாளியிடம் பெருமையடித்ததன் பலன் இது. முதலாளி கீழக்கரை ஹாஜியார். துபாயில் ஒரு பேஸ்பால் அணியும், ஆட்களைத் தேற்றியெடுக்க அல் ஐனில் ஓர் இளநிலை அணியும் வைத்திருக்கிறார். பாண்டி அவருடைய அல் ஐன் குடோனில் வேலை பார்க்கும் சிவகங்கைக்காரன்.

"நல்லாப் புடிக்கிறான்மா, எறியத்தான் மாட்டேங்குறான்" என்றார் ஹாஜியார். "நீங்க பாத்து ரிப்போர்ட் அனுப்புங்க. தேறுனா துபாய் டீம். தேறலேன்னா கலாஸ், அத்தோட முடிஞ்சுது, குடோன் டியூட்டியோட நிக்கட்டும்."

கணவர் பேருந்து வரை வந்து வழியனுப்பினார். "பாத்து எழுது. நம்ம விசாவும் அவர்கிட்டதான் இருக்கு."

எட்டேகாலுக்கு அல் ஐன். டாக்சிக்குப் பதினான்கு திர்ஹாம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். கிரிக்கெட்டா என்று கேட்டார். பேஸ்பால் என்றேன்.

"விக்கெட் மாஃபி?" விக்கெட்டே கிடையாதா என்கிறார்.

"மாஃபி, பாய்."

இறங்கும்வரை என்னைப் பரிதாபமாகவே பார்த்தார்.

மைதானம் என்பது நான்கு பக்கமும் கம்பிவலை கட்டிய மணல்வெளி. பாண்டி இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நின்றான். தரையோடு வரும் பந்தை அள்ளி, அடித்தவன் ஓடிச் சேருவதற்குள் முதல் பேஸில் நிற்பவனுக்கு எறிய வேண்டும், அதுதான் அவன் வேலை. அள்ளுவதில் குறையே இல்லை. கல்லில் பட்டுத் திரும்பிய பந்தைக்கூட விடவில்லை. ஆனால் எறிந்தானே ஒரு எறி! கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டை நீட்டுவதுபோல அவ்வளவு பணிவு. பந்து போய்ச் சேர்வதற்குள் ஓடியவன் பேஸில் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"கை வலியா தம்பி?"

"இல்லக்கா."

"பின்னே?"

முதல் பேஸ் பக்கம் கண்ணைக் காட்டினான். "அங்க நிக்கிறது மொதலாளி மகன்க்கா. மூஞ்சில கீஞ்சில பட்டுருச்சுன்னா?"

அதற்குள் மகனே வந்துவிட்டான். ஃபாஹிம், பதினேழு வயது, நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, பாண்டி அண்ணா ரொம்ப நைஸ். மத்தவங்க த்ரோ எல்லாம் டூ ஃபாஸ்ட், எனக்கு கேட்ச் வராது" என்றான்.

அவனை ஜூஸ் குடிக்க அனுப்பிவிட்டு, அவன் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் பேஸில் நானே நின்றேன்.

"அக்கான்னு நெனைக்காதே. உன் குடோன் சூப்பர்வைசர்னு நெனைச்சு எறி!"

பந்து வந்தது. ஓடியவன் பாதி வழியில் இருந்தான். என் இடது உள்ளங்கை கையுறைக்குள் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி. இன்னும் பத்து எறிந்தான், பத்தும் அதே வேகம். அந்த சூப்பர்வைசர் கொஞ்சம் கடுமையானவர் போலிருக்கிறது.

பத்தரை மணிக்குத் திரும்பும் பேருந்து. ஏறியதும் ஃபோனில் ரிப்போர்ட் எழுதினேன்: "பாண்டியின் கை பிரமாதம். முதல் பேஸில் உங்கள் மகன் நிற்பதால் பயந்து எறிகிறான். மகனை மாற்றுங்கள்." படித்துப் பார்த்தேன், கணவர் முகம் நினைவுக்கு வந்தது. 'உங்கள் மகன்' என்பதை 'சில சக ஆட்டக்காரர்கள்' ஆக்கினேன். 'மாற்றுங்கள்' என்பதை 'நேரம் கிடைக்கும்போது பரிசீலிக்கலாம்' ஆக்கினேன். துபாய் எல்லை வருவதற்குள் யாருக்கு என்ன குறை என்று எனக்கே விளங்கவில்லை.

வெட்கமாகிவிட்டது. பாண்டி மேல் எரிச்சல்பட்ட நான் அவனைவிட மெதுவாக எறிந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலில் எழுதிய மூன்று வரியை அப்படியே அனுப்பினேன்.

அல் குபைபாவில் இறங்கும்போது ஹாஜியாரின் குரல் பதிவு வந்தது.

"எனக்கும் தெரியும்மா. மூணு மாசமா யாராச்சும் சொல்லுவாங்கன்னு பாக்குறேன், ஒருத்தனும் வாயத் தொறக்கல. பாண்டிய அடுத்த வாரமே துபாய்க்கு வரச் சொல்லிட்டேன். ஃபாஹிம ஃபர்ஸ்ட் பேஸ்லேர்ந்து எடுத்துடலாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் உம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்கம்மா."

பாண்டி துபாய் வந்து சேர்ந்துவிட்டான். அந்த அம்மாவுக்கு நான் இன்னும் ஃபோன் செய்யவில்லை.