ஒப்பனைக்காவும் கூடிப்போன ஏழு பக்கமும்

தன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் நடுவில் நிற்காமல் ஒரு நூல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியவள் அவள். வரப்போகிற மருமகள் எப்பேர்ப்பட்டவள் என்பது அன்றைக்கே மாமியார் வீட்டில் தெரிந்துபோயிற்று. புருஷன்தான் பாவம், இன்றுவரை அந்த ஒரு நூல் இடப்பக்கமாகவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

பிரெயில் அச்சகம் ஒன்றில் அவளுக்குப் பதினேழு வருஷ வேலை. வருகிற புத்தகத்தையும் கேள்வித்தாளையும் மென்பொருளிடம் கொடுத்தால் அது எழுத்தையெல்லாம் புள்ளிகளாக மாற்றிவிடும். ஆனால் எது தலைப்பு, எது பத்தி, எது கேள்வி என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் என்கிற வடிவ முத்திரை ஒன்றைப் போட்டுச் சொல்ல வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கி வைத்துவிட்டு, இதுகூடவா அதற்குத் தெரியாது என்று கேட்கிற உலகத்தோடுதான் அவள் தினமும் மல்லுக்கட்டினாள். "மென்பொருளுக்குக் கண்ணு கிடையாது. பெரிசு, சின்னது, அழகு எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மந்திரம் போலச் சொல்லுவாள். பக்கங்களைச் சிங்காரித்தே காலம் போனதால் அலுவலகத்தில் அவள் பெயர் ஒப்பனைக்கா.

ஒரே ஒரு விஷயம், அவளுக்குப் புள்ளிகளைப் படிக்கத் தெரியாது. கண்ணாலும் தெரியாது, விரலாலும் தெரியாது. "தொப்பி தைக்கறவன் எல்லாத் தொப்பியையும் தன் தலையில மாட்டிப் பாக்கணுமா?" என்பாள்.

படிக்கிற வேலை மெய்ப்பு சாருடையது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, அடித்து வருகிற பக்கங்களை விரலால் தடவிப் பிழை சொல்வார். அவர் சொல்கிற பிழைகளில் பாதி ஒப்பனைக்காவின் ஒப்பனையில்தான் இருக்கும். எத்தனை நாள்தான் ஒரு பெண் பொறுப்பாள்? ஸ்டைல் சரியாக இருந்தால் பிழை வர வழியே இல்லை, இனித் தேர்வுத் தாள்களை மெய்ப்புக்கு அனுப்ப வேண்டாம், அரை நாள் மிச்சம் என்று மனு எழுதிக் கொடுத்தாள். மேலாளருக்கு மிச்சம் என்ற சொல் பிடிக்கும். ஒரு தாளை அப்படி அனுப்பிப் பார்ப்போம், சரியாக வந்தால் மெய்ப்பு சாரைக் கிடங்குக்கு மாற்றிவிடலாம் என்றார். மெய்ப்பு சார் மேஜையை ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்துக்கொண்டார்.

சோதனைக்கென்று வந்து வாய்த்தது ஒரு பூகோளக் கேள்வித்தாள். எழுதியவள் அவளுடைய நாத்தனார், பள்ளிக்கூட ஆசிரியை. விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது.

இந்த நாத்தனார், இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டியே தலைப்பை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வருகிற ஜாதி. அதைச் சொல்லிக் காட்டியே இரண்டு பேருக்கும் பத்து வருஷமாகப் பேச்சு தடித்திருந்தது. இந்த முறை அவளே போன் செய்தாள். "அண்ணி, நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்துக்கும் ஸ்டைல் போட்டிருக்கேன். குறை கண்டுபிடிங்க, பாக்கலாம்."

கோப்பைத் திறந்தாள். உண்மைதான். தலைப்புக்குத் தலைப்பு ஸ்டைல், கேள்விக்குக் கேள்வி ஸ்டைல். ஒப்பனைக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் கோப்பு வந்தாலும் பழைய அலங்காரத்தையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது அவளே வகுத்த முதல் பாடம். கல்லும் கரைந்து வந்திருக்கும்போது அதைத் துடைக்க மனசு வருமா?

பன்னிரண்டு பக்கம் வர வேண்டிய தாள் பத்தொன்பது பக்கம் வந்தது.

கோப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று நான்கு வரி வெறுமையாகக் கிடந்தது. நாத்தனார் பழக்கதோஷத்தில் தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். தேர்வுத் தாளில் ஒரு வெற்று வரியைக்கூட அச்சகத்தார் நீக்கக் கூடாது, ஸ்டைலை மட்டும் மாற்றலாம் என்பது சட்டம். மாற்றினாள். இடைவெளியைக் குறைத்ததில் பதினெட்டு ஆயிற்று. உள்தள்ளலைத் திருத்தியதில் மறுபடி பத்தொன்பது ஆயிற்று. புள்ளிகள் தெரியும் திரையில் அந்த இடமெல்லாம் வரி வரியாக நிறைந்திருந்தது. கேள்விதான் நீண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பது பிள்ளைகள் அந்தத் தாளை எழுத வேண்டும். நாலு மணிக்கு வண்டி.

மூன்று மணிக்கு மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு சார்."

அவர் தலை மறைந்ததும், அடித்த ஒரு பிரதியைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"என் மேஜைக்கு வழி மறந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார் மெய்ப்பு சார்.

"ஒண்ணுமில்ல சார். ஏழு பக்கம் கூடுது. எங்க ஸ்டைல் இடறுதுன்னு மட்டும் சொல்லுங்க."

விரல்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. அவர் உதடு கோணியது. "ஸ்டைல்ல ஒரு குறையும் இல்லம்மா. நான் படிச்ச காலத்துல இப்படி ஒரு தாள் வந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

"கிண்டல் பண்ணாதீங்க சார்."

"முதல் கேள்வி, இந்த ஆறு எந்தத் திசையில ஓடுதுன்னு. அடுத்த வரியில கிழக்குன்னு இருக்கு. காரணம் கேட்டா அதுவும் கீழயே இருக்கு."

ஓடிப்போய்க் கணினியில் அந்த வெற்று வரிகளின் மேல் சுட்டியை இழுத்தாள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துகள் வரிசையாகக் கண் விழித்தன. அவளுடைய முதல் பாடப்படி துடைத்திருந்தால் அவை அப்போதே கறுப்பாகிக் காட்டிக்கொடுத்திருக்கும். பதினேழு வருஷப் பெருமை காலடியில் உடைந்து கிடக்க, நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"விடையை வெள்ளையாக்கி வச்சிருந்தேன் அண்ணி. திருத்தறப்போ கறுப்பாக்கிக்கலாம்னு. அழிக்க மறந்துட்டேன். ஆனா அது யாருக்கும் தெரியாதே."

"யாருக்குத் தெரியாது?"

"கண்ணு தெரியறவங்களுக்கு" என்றாள் நாத்தனார், குரல் உள்ளே போக. "என் வேலை போயிடும் அண்ணி."

"அழுவறதை அப்பறம் வச்சுக்க. விடை இல்லாத கோப்பை இப்பவே அனுப்பு."

வந்தது. இந்தத் தடவை முதல் வேலையாக எல்லாவற்றையும் துடைத்தாள். பிறகு ஸ்டைல் போட்டாள். சுளையாகப் பன்னிரண்டு பக்கம். மெய்ப்பு சார் தடவி இரண்டு பிழை சொன்னார். வாயைத் திறக்காமல் திருத்தினாள். பழைய பிரதி துண்டு துண்டாகிக் குப்பைக்கூடைக்குப் போக, வண்டி நாலு மணிக்குக் கிளம்பியது.

மேலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா? மெய்ப்பு இல்லாமலே சரியா வந்துடுச்சு. நாளைக்கே மேஜையை எடுத்துடலாம்."

உண்மையைச் சொன்னால் நாத்தனார் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜன்னலோர மேஜை போகும்.

"சார், அந்த மனுவை ஒரு நிமிஷம் திருப்பிக் குடுங்க. தலைப்பு நடுவுல இல்ல."

அவளை அறிந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது. கொடுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் வேறு மனு போயிற்று. ஒற்றைப் பக்கத் தாளானாலும் மெய்ப்பு மேஜையைத் தாண்டாமல் வெளியே போகக் கூடாது, இல்லாவிட்டால் நான் ஸ்டைல் போட மாட்டேன் என்று. ஸ்டைல் போடத் தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை. மேலாளர் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.

அதன் புள்ளிப் பிரதி ஒன்றை மெய்ப்பு சாரிடம் கொடுத்தாள். அவர் நிதானமாகத் தடவினார்.

"ரெண்டாவது பத்தி ஒரு கட்டம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும்மா."

"இருக்கட்டும் சார்" என்றாள் ஒப்பனைக்கா. "எங்க வீட்லயும் ஒருத்தர் அப்படித்தான் இருக்கார்."